ஆம்பூரில் நண்பன் வீட்டுப் பிரியாணி, சென்னையில் நட்சத்திர ஓட்டல் விருந்து: ஒரே வாரத்தில் ரெண்டும். உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பாலாற்று மணல் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. ராணிப்பேட்டையில் ஷூ ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன புதன்கிழமை வெளிநாட்டு பையர் ஒருத்தர் வந்திருந்தார். முதலாளி அவரைச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். சாம்பிள் விஷயம் பேசணும் என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். இன்று மத்தியானம் ஆம்பூரில் என் நண்பன் வீட்டில் சாப்பாடு. ரெண்டு ருசியும் நாக்கில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஓட்டலைக் குறை சொல்ல வரவில்லை. ஏழு சுற்று. ஒவ்வொரு தட்டு வரும்போதும் ஒரு தம்பி பக்கத்தில் நின்று இது என்ன, எந்த ஊர்ப் பக்குவம் என்று பொறுமையாகச் சொன்னார். மூன்றாவதாக ஒரு கத்தரிக்காய் வந்தது. தணலில் சுட்டுத் தோலுரித்து, எள்ளும் புளியும் சேர்த்து அரைத்த சாந்தின் மேல் வைத்திருந்தார்கள். ரெண்டு விரல் அகலம்தான் இருக்கும். வாயில் வைத்ததும் கரைந்து போனது, சுட்ட வாசனை மட்டும் தொண்டையில் நின்றது. அப்படி ஒரு கத்தரிக்காயை நான் அதுவரை சாப்பிட்டதே இல்லை. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. எதிரில் முதலாளி, பக்கத்தில் பையர். கேட்கவில்லை. தட்டை எடுத்துவிட்டார்கள், அடுத்தது வந்துவிட்டது. பதினொன்றரைக்கு வெளியே வரும்போது வயிறு நிறைந்திருந்தது. அந்தக் கத்தரிக்காய் மேல் வைத்த ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

இன்று ஆம்பூர். நண்பனும் நானும் வாணியம்பாடியில் காலேஜ் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் அம்மாவை நானும் அம்மி என்றுதான் கூப்பிடுவேன். கூடத்தில் தஸ்தர்கான் (சாப்பாட்டு விரிப்பு) விரித்து, தரையில் உட்கார்ந்து சாப்பாடு. சீரக சம்பா பிரியாணி, தயிர்ப் பச்சடி, புளி விட்ட எண்ணெய்க் கத்தரிக்காய். அணைக்கட்டுப் பக்கமிருந்து வரும் இலவம்பாடி முள்ளு கத்தரி அது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய்தான். காம்பில் முள் இருக்கும், உள்ளே விதை கம்மி, வதக்கினால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும்.

நான் சொல்ல வந்தது இதுதான். முதல் கவளம் எடுத்தேன், கத்தரிக்காயைத் தொட்டேன். ரெண்டாவது கவளத்துக்கும் கை கத்தரிக்காய்க்குத்தான் போனது. அம்மி அடுப்படி வாசலில் நின்றிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சட்டியோடு வந்து, நல்லா வெந்த ரெண்டு காயாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிட்டு, "புதினா ஒனக்கு ஆகாதே பேட்டா, தனியா எடுத்து வெச்சிடு" என்றார்கள். புதினா எனக்கு ஆகாது என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை சொல்லியிருப்பேன்.

என்னைப் பொறுத்தவரை விருந்து என்றால் இதுதான். வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் ஒருத்தர் கண் நம் தட்டில் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஓட்டலாக இருந்தாலும் அந்தக் கண்ணை விலைக்கு வாங்க முடியாது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

காட்பாடி கூட்ரோடு | ஞாயிறு, இரவு 10.05

நூத்துக்கு நூறு சரி சகோ. நானும் போன மாசம் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரியையும் பசங்களையும் பெங்களூர்ல ஒரு பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நாலு பேருக்கு 9,000 ரூபாய்க்கு மேல ஆச்சு. சின்னவன் வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்ட்டுட்டுப் படுத்தான். பில்லுல ஏதேதோ வரி, சேவைக் கட்டணம்னு ஒரு 10 சதவீதம். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம கட்டிட்டு வந்தேன். மனசு ஆறவே இல்ல.

---

பேரேடு | ஞாயிறு, இரவு 10.40

காட்பாடி நண்பருக்கு: அந்த 10 சதவீதத்தை நீங்கள் கட்டியிருக்க வேண்டியதில்லை. சேவைக் கட்டணம் வரி கிடையாது, அரசாங்கத்துக்குப் போவதும் கிடையாது. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. அடுத்த முறை "இதை எடுத்துட்டு பில் குடுங்க" என்று நேராகக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வரி வேறு. சாதாரண உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டல் வளாகத்துக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். இதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

சர்வருக்குக் கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

---

வேலப்பாடி வாசல் | திங்கள், காலை 6.15

பாலாற்று மணல் அவர்களே, உங்கள் பதிவை ரெண்டு முறை படித்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மி எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?

எங்கள் வீட்டுக்காரருக்கு நண்பர்கள் அதிகம். மாதத்தில் ரெண்டு ஞாயிறு யாராவது வருவார்கள். அந்த ஞாயிறு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். அஞ்சு மணிக்கு எழுந்து இஞ்சி பூண்டு உரித்து அரைக்கணும். ஆறரைக்குக் கறி வந்துவிடும், கழுவி எடுக்கவே அரை மணி. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை வைகாசியில் அடுப்படியில் நின்றால் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மணிக்கு உட்காருகிறவர்கள் ரெண்டரைக்குத்தான் எழுந்திருப்பார்கள். ரசம் சூடு பண்ணு, அப்பளம் பொரி, சின்னதுக்குக் காரம் இல்லாமல் தனியாகக் கொஞ்சம் எடு. நான் தட்டுப் போட்டு உட்காரும்போது மூன்றரை. நல்ல துண்டெல்லாம் போயிருக்கும். எலும்பும் அடிச்சோறும் இருக்கும். அதுவரை எண்ணெய்ப் புகையையே முகர்ந்து பசி செத்திருக்கும்.

வருகிறவர்கள் நல்லவர்கள்தான். "தங்கச்சி கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்பார்கள். மனசாரத்தான் சொல்வார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தராவது "நீயும் வந்து உட்காரும்மா, நாங்களே போட்டுக்கிறோம்" என்று சொன்னதில்லை.

போன வருஷம் என் தம்பி முதல் சம்பளத்தில் எங்களைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். துணி நாப்கினை மடியில் விரித்து ஒரு பெண் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். சூப் சூடாக இருந்தது. சூடாக இருக்கும்போதே குடித்தேன். ரெண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அங்கே என்ன சாப்பிட்டேன் என்பது கூட இப்போது சரியாக நினைவில்லை. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

தட்டில் ஒருத்தர் கண் இருக்கணும் என்கிறீர்கள். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரருக்குக் காலும் இருக்கு, அந்தக் கால் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கு.

---

பாலாற்று மணல் | திங்கள், காலை 8.20

அக்கா, நான் கவனிக்கவில்லை. இதுதான் உண்மை. நாங்கள் சாப்பிட்டு முடித்து, மக்கன் பேடா சாப்பிட்டு (ஆற்காட்டிலிருந்து நான் வாங்கிப்போனது), நாலு மணி வரை கதை பேசினோம். அம்மி எப்போது சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று நண்பனிடம் கேட்கிறேன்.

---

வாணியம்பாடி மண்டி | திங்கள், பகல் 1.30

வேலப்பாடி சகோதரி சொன்னது எங்க வீட்டுக்கும் பொருந்தும், மறுக்கல. ஆனா எங்க பக்கத்துல இன்னொரு வழக்கமும் உண்டு, அதையும் சொல்லணும். பெரிய விசேஷம்னா பிரியாணிக்கு ஆம்பளைங்கதான் அடுப்புப் பக்கம் நிப்பாங்க. என் மாமூ நல்லா செய்வார். நான் பன்னெண்டு வயசுலேர்ந்து அவர் கூட விறகு தள்ளியிருக்கேன்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்குவத்துல மிளகாத்தூள் போடறதில்ல. காஞ்ச மிளகாய ஊறவெச்சு அரைச்ச விழுதுதான். அதனாலதான் அந்த நிறம், அதனாலதான் காரம் தொண்டையப் புடிக்காது. மசாலா சாமானும் அதிகம் கிடையாது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் அவ்வளவுதான். ஒரு படி அரிசிக்கு இவ்வளவுன்னு யாரும் எழுதி வெக்கல, அரிசியும் கறியும் எடைக்கு எடை போட்டா தப்பே வராது. கறி தக்காளி, தயிரோட முழுசா வெந்து எண்ணெய் மேல மிதக்கணும். சீரக சம்பாவ அரை மணி ஊறவெச்சு, தனி அண்டாவுல முக்கால் பதம் வேகவிட்டு, வடிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கறியோட சேத்துடணும். அப்புறம் மூடி போட்டு, மேல தணல் கொட்டி, அடியில விறக இழுத்துடணும்.

முக்கால் பதம்னா என்னன்னு மாமூ எனக்குக் காட்டினது: ஒரு சோத்த எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு நசுக்கு. ரெண்டு இடத்துல நசுங்கி நடுவுல ஒரு புள்ளி வெள்ளையா நின்னா எடுத்துடு. மூணு புள்ளி நின்னா இன்னும் ஒரு கொதி. புள்ளியே இல்லன்னா போச்சு, இன்னிக்குப் பொங்கல்தான்.

பெரிய ஓட்டல் பிரியாணியும் சாப்பிட்டிருக்கேன். சின்ன மண்சட்டிக்கு மைதா மாவுல மூடி ஒட்டி, மேசையில வெச்சு உடைப்பாங்க. வாசனை தூக்கும். நல்லாதான் இருக்கும். ஆனா ஒரு ஆளுக்குன்னு செய்யற பிரியாணிக்கும் அம்பது பேருக்குன்னு அண்டாவுல வேகற பிரியாணிக்கும் ருசி ஒண்ணாகவே முடியாது. அண்டாவோட கனம், அதுல தேங்கற சூடு, அது வேற. இதுல வீடு பெருசா ஓட்டல் பெருசாங்கற கேள்வியே வரல, பாத்திரம் பெருசாங்கறதுதான் கேள்வி.

---

கரண்டி | செவ்வாய், இரவு 1.10

ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து படிச்சினு இருக்கேன். சொந்த ஊரு பேரணாம்பட்டு பக்கம். கேட்டரிங் டிப்ளமோ முடிச்சு ஒம்பது வருஷமா பெரிய ஓட்டல் கிச்சன்ல இருக்கேன், எந்த ஊரு எந்த ஓட்டல்னு வேணாம். மணல் அண்ணா "அந்தக் கண்ணை விலைக்கு வாங்க முடியாது"ன்னு எழுதினது மனசுல தைச்சிது. அதான் எழுதறேன்.

நாங்க உங்க மூஞ்சப் பாக்க முடியாது. எங்களுக்கு வர்றது ஒரு சீட்டு. டேபிள் 14, நாலு பேரு, ஒருத்தருக்கு வேர்க்கடலை ஆகாது. அவ்ளோதான் உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியும். அந்த "ஆகாது"ங்கற ஒரு வார்த்தைக்காக நாங்க தனி வாணலி, தனி கரண்டி, தனி பலகை எடுப்போம். நம்ம ஊர்ல மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயிலேயே வளந்தவன் நான். ஒரு மல்லாட்டைப் பருப்பு ஒருத்தர் உயிரக் குடிச்சிடும்னு இங்க வந்துதான் கத்துக்கினேன். உங்க அம்மி புதினாவ ஞாபகம் வெச்சிருந்தாங்க இல்ல, நாங்க சீட்டுல எழுதி ஞாபகம் வெச்சிக்கிறோம்.

காலையில பத்துக்குப் போனா மூணு வரைக்கும். அப்புறம் ஆறுலேர்ந்து ராத்திரி பன்னெண்டு. பிரேக் ஷிப்ட்டுன்னு பேரு. நடுவுல வர்ற மூணு மணி நேரத்துல தூங்கவும் முடியாது, ஊரு சுத்தவும் முடியாது. வெங்காயம் தக்காளி கிரேவி, முந்திரி கிரேவி, மக்கனி கிரேவி எல்லாம் காலையிலேயே அண்டாவுல ரெடி ஆயிடும். சீட்டு வந்தா பன்னெண்டு நிமிஷத்துல தட்டு போவணும். அதனால ருசி இல்லன்னு நெனைக்காதீங்க. ஒரு கிரேவிய நாலு மணி நேரம் அடிப்பிடிக்காம கிண்டி எடுக்கறதும் கைதான்.

மணல் அண்ணா சாப்ட்ட மாதிரி சுட்ட கத்தரிக்காய் நானும் பண்ணியிருக்கேன். அதுக்கு ஒருத்தன் தணல் முன்னாடியே நிப்பான். தோலு கருகணும், சதை கருகக் கூடாது. ஒரு காயிக்கு ஒரு பக்கம் ஒரு நிமிஷம் தவறினா கசப்பு ஏறிடும். உரிக்கும்போது விரல் சுடும். தண்ணியில நனைச்சு உரிச்சா வாசனை போயிடும்னு அப்படியே உரிப்போம்.

எங்களுக்கும் ஒரு கண்ணு இருக்கு. தட்டு கழுவற எடத்துக்குப் போறதுக்கு முன்னாடி திரும்பி வர்ற தட்ட நான் எட்டிப் பாப்பேன். எல்லாரும் பாப்பாங்க. சுத்தமா வழிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வரும். பாதி இருந்தா எது மிச்சம், ஏன் மிச்சம்னு மனசு அடிச்சிக்கும். அந்தக் கத்தரிக்காய் தட்டு உங்ககிட்டேர்ந்து காலியா போயிருக்கும் இல்ல? அத எவனோ ஒருத்தன் பாத்திருப்பான் அண்ணா.

அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் வேணும்னு கேளுங்க. கேட்டா கிச்சன்ல எங்களுக்கு அது பெரிய விஷயம்.

---

காட்பாடி கூட்ரோடு | செவ்வாய், காலை 7.00

தம்பி, கோவத்துல பேசிட்டேன்னு தோணுது. சேவைக் கட்டணம் விஷயம் வேற, நீ சொல்றது வேற. ஊருக்கு வந்தா ரயிலடியில எறங்கினதும் சொல்லு, வீட்ல வந்து சாப்ட்டுப் போ.

---

கைத்தறி | செவ்வாய், இரவு 8.30

குடியாத்தம். பிரியாணி, நட்சத்திர ஓட்டல் என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் களியைக் கொண்டுவந்து வைக்கிறேன்.

2021 நவம்பரில் பெய்த மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாலாறு கரை தொட்டு ஓடியது. எங்கள் பக்கம் மோர்தானா அணை வழிந்து கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம். நான் லுங்கி பண்டலோடு போய், திரும்பி வர வழியில்லாமல், கூட வேலை செய்யும் நண்பன் வீட்டில் ரெண்டு ராத்திரி தங்க வேண்டியதாயிற்று. ஓட்டு வீடு. ஒரு மூலை ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டில் கேழ்வரகு மாவும் கொஞ்சம் நொய்யும் கருவாடும் தவிர ஒன்றும் இல்லை. அவனுடைய ஆயாவுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும்.

நொய் வெந்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்டினார்கள். கிளறவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டார்கள். பிறகு பானையைக் கீழே இறக்கி, ரெண்டு கட்டை கொடுத்து, ரெண்டு காலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டுக் கிண்டினார்கள். அந்த வயசில் அந்தத் தோள். நான் பிடிக்கிறேன் ஆயா என்று போனேன். "நீ புடிச்சா கட்டி தட்டும், போய் ஒக்காரு" என்று விட்டார்கள். தண்ணீர் தொட்டுத் தொட்டு உருட்டி, உருண்டை நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. குழியில் கருவாட்டுக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, விண்டு குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். உள்ளே இறங்கும் சூடு மார்புக் கூடு வரை தெரியும். வெளியே அந்த மழை.

இதைப் பெரிய ஓட்டல் ஒன்றில் இப்போது சின்னச் சின்ன உருண்டையாக வைக்கிறார்கள் என்று மகன் போட்டோ அனுப்பினான். வைக்கட்டும், நல்லதுதான். கேழ்வரகுக்கு மரியாதை கிடைத்தால் எனக்குச் சந்தோஷமே. ஒருகாலத்தில் வீட்டில் களி என்று வெளியில் சொல்லவே கூச்சப்பட்டோம்.

---

ஓய்வு ஆசிரியன் | புதன், காலை 5.50

இந்த இழையை ஞாயிறு முதல் படித்து வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது என்று தோன்றியது.

நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர் ஒன்றில், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் பிறந்தவன். எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு நண்பன். ஊர்த்தெருப் பையன். கணக்கு நான் சொல்லிக்கொடுப்பேன், அவன் எனக்குப் புத்தகம் தருவான். ஒரு பொங்கலுக்கு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். ஆசையாகப் போனேன். அவனைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். எனக்கு மாட்டுக்கொட்டகை ஓரம் இலை போட்டார்கள். தண்ணீர் கேட்டபோது குவளையைக் கையில் தரவில்லை. இரண்டு கையையும் குவித்து ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். சாப்பிட்டதும் இலையை நானே எடுத்துப் போட்டு, அந்த இடத்தைச் சாணம் தெளித்து மெழுகிவிட்டு வந்தேன். சர்க்கரைப் பொங்கல் நன்றாகவே இருந்தது. நெய் நிறைய விட்டிருந்தார்கள். இன்றுவரை அந்த நெய் வாசனை வந்தால் எனக்குச் சாப்பிட முடிவதில்லை.

நண்பனும் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறான். என் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் தொடவில்லை. அப்பா ஓடிப்போய்க் கடையில் கலர் சோடா வாங்கி வந்தார். மூடி திறக்காத பாட்டில் என்பதால் அதைக் குடித்தான்.

வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில், நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குள் போனேன். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் நாற்காலியை இழுத்து, "உட்காருங்க சார், என்ன சாப்பிடறீங்க" என்றார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தார். அந்தத் தம்ளரைக் கையில் எடுத்துக் குடித்தேன். பணம் கொடுத்தால் கிடைக்கும் மரியாதை என்று நீங்கள் சொல்லலாம். பணம் கொடுத்தாலாவது கிடைத்ததே என்பதுதான் அன்று எனக்கு முக்கியம்.

ஆகவே நண்பர் வீட்டுச் சாப்பாடு உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்லும்போது, எந்த நண்பர், எந்த வீடு, எந்த வாசல் வரை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான்கு வருடம் முன்பு அதே நண்பனின் மகன் தன் தங்கை கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். சாப்பாட்டு நேரம். என் மனைவி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அவன் கை கழுவிக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்துவிட்டான். புளிச்ச கீரைக் கடையலும் கறிக் குழம்பும். பாதியில் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க பெரியம்மா" என்றான். அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான்தான் வாங்கி ஊற்றினேன்.

---

வேலப்பாடி வாசல் | புதன், காலை 6.30

ஐயா, படித்தேன். வேறு எழுதத் தெரியவில்லை. நீங்கள் எழுதியது நல்லது.

---

இரவுப் பணி | புதன், மாலை 4.45

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறேன், நர்ஸ். வீடு, ஓட்டல் ரெண்டிலும் சேராத ஒரு சாப்பாட்டை இங்கே தினமும் பார்க்கிறேன்.

மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில், சில பேர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜுகளில் சமையல் செய்துகொள்ளும் வசதியோடு அறை கிடைக்கும். அடுப்பு, பாத்திரம் வாடகைக்கு. கடுகெண்ணெயும் பெங்காலி மசாலாவும் நம்ம ஊர்க் கடைகளிலேயே தொங்குகிறது. காலையில் மார்க்கெட்டில் மீன் பேரம் நடப்பது பாதி வங்காளியில்தான்.

போன வருஷம் ஒரு அம்மா தன் மகனோடு ரொம்ப நாள் வார்டில் இருந்தார்கள். வீட்டுக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். கட்டிலும் ஸ்டவ்வும் வைத்தால் நடக்க இடமில்லாத அறை. கட்டில் மேல் செய்தித்தாள் விரித்து, சோறும் கடுகு அரைத்த மீன் குழம்பும் வைத்தார்கள். கடுகு நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மாவும் எதிரில் தட்டு வைத்துக்கொண்டு என்னோடேதான் சாப்பிட்டார்கள். தட்டு ரெண்டுதான் இருந்தது, மகன் மூடியில் சாப்பிட்டான். பாஷை தெரியாது. முள் எடுக்கத் தெரியாமல் நான் திணறுவதைப் பார்த்து, எடுத்து எடுத்து என் தட்டோரம் வைத்தார்கள்.

---

பாலாற்று மணல் | திங்கள், இரவு 9.15

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எல்லாருடைய பதிவையும் படித்தேன். ஐயா எழுதியதை என் நண்பனுக்கும் அனுப்பினேன்.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு அம்மி எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அஞ்சு மணி இருக்கும்டா, நானும் கவனிக்கல" என்றான். அடுத்த வாரம் நாங்கள் ரெண்டு பேரும் சமைக்கிறோம், அம்மி உட்காரட்டும் என்றேன். அம்மி போனை வாங்கிவிட்டார்கள். "என் அடுப்படியில ரெண்டு பேரும் வந்து நின்னீங்கன்னா நான்தான் கூட நிக்கணும். அதெல்லாம் வேணாம். எனக்கு ஒரு தோசை வாங்கிக் குடு. கல்லுலேர்ந்து நேரா என் தட்டுக்கு வந்த தோசைய நான் சாப்ட்டு எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா?"

நான் இதை யோசித்ததே இல்லை. தோசை சுடுகிறவர் எல்லாருக்கும் சுட்டுப் போட்டுவிட்டு, கடைசி ரெண்டை எடுத்துக்கொண்டு உட்காரும்போது முதலாவது ஆறிப்போயிருக்கும். என் அம்மாவும் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

நேற்று அம்மிக்குக் கண் காட்ட வேண்டியிருந்தது என்று சனிக்கிழமையே வேலூர் வந்து தங்கியிருந்தார்கள். காலையில் ஒரு நல்ல ஏசி ஓட்டலுக்குக் கூட்டிப்போனோம். ரொம்பப் பெரிய இடம் இல்லை, ஆனால் சுத்தமான இடம். நெய் ரோஸ்ட் சொன்னோம். வந்ததும் அம்மி பழக்கத்தில் முதலில் என் தட்டுக்குத் தள்ளினார்கள். நான் திருப்பித் தள்ளினேன். ஓரத்தை ஒடித்தார்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. சட்னி கூடத் தொடாமல் அந்தத் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாங்கள் பேசவில்லை. ரெண்டாவது தோசை முதல் தோசை முடிகிற நேரம் பார்த்து வர வேண்டும் என்று சர்வர் தம்பியிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். அவர் உள்ளே சொல்லி, சரியாக அப்படியே கொண்டுவந்தார். கரண்டி தம்பி, உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது உள்ளே எட்டிப் பார்த்து, கல் முன்னால் நின்றவரிடம் நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சென்னை ஓட்டலைப் பற்றியும் அம்மியிடம் சொன்னேன். சுட்ட கத்தரிக்காய் என்றதும் எப்படிச் சுட்டார்கள், எள்ளு வறுத்ததா பச்சையா என்று கேள்வி மேல் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. போனஸ் வந்ததும் கூட்டிப்போகிறேன், நீங்களே கேளுங்கள் என்றேன். அம்மி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க நாற்காலியில சம்மணம் போட்டு உக்காரலாமா? காலத் தொங்கவிட்டா எனக்கு முட்டி வலிக்கும்" என்று கேட்டார்கள். போன் பண்ணி விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

---

கரண்டி | செவ்வாய், இரவு 12.50

கைப்பிடி இல்லாத சோஃபா மாதிரி சீட்டு சுவரோரமா இருக்கும் அண்ணா. புக் பண்ணும்போதே அத கேளுங்க. அம்மி நல்லா சம்மணம் போட்டு உக்காரலாம். எள்ளு வறுத்ததுதான்.